ரீஸ்லிங்கா, சோலாரிஸா, மார்க்கெத்தா: குளிர் ஊரில் ஒயினுக்கு எந்தத் திராட்சை?

வீட்டில் ஒயின் போடுவதற்காகத் திராட்சை நட நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த ரகத்தில் ஒயின் ருசியாக வரும்?" என்பதைத்தான். குளிர்ப் பிரதேசத்தில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர்க் குளிர் எந்தப் பருவத்தில் கொடியைக் கடிக்கிறது?

நடுக்குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும் ஊர்கள் உண்டு. குளிர்காலம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் கோடையிலும் சூடே ஏறாது என்ற ஊர்களும் உண்டு. இரண்டிலும் தப்பித்து, துளிர் விட்ட பிறகு ஒரே ஒரு இரவு உறைபனியில் மொத்தமும் கருகிப் போகும் தோட்டங்களும் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான ரகத்தை இன்னொன்றில் நட்டுவிட்டு, "குளிர் தாங்கும் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்" என்று நாற்றுக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

கையில் இருக்கும் தேர்வுகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். ரீஸ்லிங், பினோ நுவார், ஷார்டனே போன்ற பழைய ஐரோப்பிய ரகங்கள் ஒரு கூட்டம். நோய் தாங்குவதற்காக ஐரோப்பாவில் உருவாக்கிய கலப்பினங்கள் இன்னொன்று. சோலாரிஸ், ரோண்டோ, ரீஜண்ட் எல்லாம் இதில் வரும். மூன்றாவது, வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சை ரத்தம் கலந்த, அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் ரகங்கள். மார்க்கெத் இதில் வரும். கான்கார்டையும் சிலர் சொல்வார்கள். 1849இல் மாசச்சூசெட்ஸில் எஃப்ரைம் புல் உருவாக்கிய அந்த ரகம் சாறுக்கும் ஜெல்லிக்கும் அருமை. ஒயினாக்கினால் அதன் மிட்டாய் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சாறு போதும் என்பவர்கள் அதையே நட்டுக்கொள்ளட்டும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

பழைய ரகங்களில் குளிருக்குக் கெட்டிக்காரன் ரீஸ்லிங். நன்றாகப் பக்குவப்பட்ட கொடி மைனஸ் 20 டிகிரியையும் சற்று அதற்குக் கீழேயும் தாங்கும். துளிர் விடுவதும் தாமதம் என்பதால் வசந்தகால உறைபனியிலிருந்து பல வருடம் தப்பிவிடும். ஷார்டனேயும் பினோ நுவாரும் முந்திக்கொண்டு துளிர்த்து மாட்டிக்கொள்ளும். ஆனால் ரீஸ்லிங் பழுப்பதும் தாமதம்தான். கோடை குட்டையான ஊரில் இலையுதிர்காலப் பனி வந்து இலையைக் கொல்லும்போது காய் இன்னும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வசந்தத்தில் காப்பாற்றிய அதே குணம் அறுவடையில் காலை வாரிவிடுகிறது.

இந்தக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு செலவுகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபில்லோக்செரா வேர்ப்பூச்சிக்குப் பயந்து, இவை பெரும்பாலும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் கிடைக்கும். கடுங்குளிரில் ஒட்டுக்கு மேலே உள்ள பகுதி செத்தால், கீழிருந்து தழைத்து வருவது வேர்ச்செடிதான். இரண்டு வருடம் அதைச் செல்லமாக வளர்த்த பிறகே விஷயம் தெரியவரும். அதனால் குளிர்காலத்துக்கு முன் ஒட்டுப் பகுதியை மண் அணைத்து மூட வேண்டும். சீனாவின் நிங்ஷியாவில் தோட்டம் தோட்டமாகக் கொடியையே படுக்கவைத்துப் புதைக்கிறார்கள். ஐந்து கொடிக்கு அதைச் செய்யலாம். ஐம்பது கொடிக்கு யோசிக்க வேண்டும்.

இரண்டாவது செலவு மருந்து. குளிர் ஊர்கள் பலவற்றில் ஈரமும் சேர்ந்தே வரும். அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், கருப்பு அழுகல் மூன்றுக்கும் பழைய ரகங்களிடம் எதிர்ப்பு கிடையாது. பூ விடும் முன்பிருந்து பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கத் தயாராக இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

அந்தச் சலிப்பிலிருந்து பிறந்தவைதான் ஐரோப்பியக் கலப்பினங்கள். சோலாரிஸ் 1975இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் உருவானது. ரோண்டோவின் கலப்பு 1964இல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்தது. இரண்டின் வம்சத்திலும் ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் ஆமூர் ஆற்றுப் பக்கத்துக் காட்டுத் திராட்சை இருக்கிறது. சீக்கிரம் பழுக்கும் குணம் இவற்றின் பெரிய பலம். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் இன்று ஒயின் தோட்டம் என்று ஒன்று இருப்பதற்குச் சோலாரிஸ் முக்கியக் காரணம். சூடு குறைந்த கோடையிலும் இனிப்பு ஏறிவிடும். சர்க்கரை சேர்க்க வேண்டிய அவசியமே பல வருடங்களில் வராது. வாசனையும் பழைய வெள்ளை ரகங்களுக்கு நெருக்கம். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் கலப்பினம் என்று சொல்வது கஷ்டம்.

குறை இல்லாமல் இல்லை. சீக்கிரம் இனிப்பதால் குளவிகளுக்குச் சோலாரிஸ் என்றால் உயிர். தோல் விரிசல் விட்ட ஒரு பழத்தில் ஆரம்பித்தால், சில நாளில் கொத்து முழுக்க வெறும் தோல் கூடுகள்தான் மிஞ்சும். பறவை வலை மட்டும் போதாது; கண் நெருக்கமான வலையாகப் பார்த்து வாங்க வேண்டும். துளிர் விடுவதும் சீக்கிரம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இவை கோடைக் குறைவுக்கும் நோய்க்கும் தீர்வு, கடுங்குளிருக்கு அல்ல. மைனஸ் 30 டிகிரி ஊரில் ரீஸ்லிங்குக்கு நேர்ந்ததே சோலாரிஸுக்கும் நேரும்.

அங்கே மினசோட்டா ரகங்களுக்குப் போட்டியே கிடையாது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1996இல் ஃப்ரான்டினாக், 2002இல் லா க்ரெசன்ட், 2006இல் மார்க்கெத், 2017இல் ஐடாஸ்கா என்று வரிசையாக வெளியிட்டது. மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேயும் மொட்டு பிழைத்திருக்கும். சொந்த வேரிலேயே வளர்வதால் மேலே கருகினாலும் கீழிருந்து அதே ரகம் மறுபடி எழும். முதல் துளிர் பனியில் போனாலும் பக்க மொட்டு ஓரளவு காய்க்கும். பழைய ரகங்களில் அந்த இரண்டாம் வாய்ப்பு மிகக் குறைவு. இத்தனை இருந்தும் மார்க்கெத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: அவசரப்பட்டுத் துளிர்க்கும். குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில் அதை நடாமல், காற்று வழிந்தோடும் சரிவில் நடுவது நல்லது.

சரி, கொடி பிழைத்துவிட்டது. ஒயின்? இங்கேதான் ஆட்டமே மாறுகிறது.

எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது நரி. இந்தக் கூட்டத்தில் எட்டுகிற பழமும் புளிக்கும். ஒயினுக்கான சாற்றில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அமிலம் இருந்தால் வசதி. மார்க்கெத் நன்றாகப் பழுத்து இனிப்பு 25 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) தாண்டிய பிறகும் 12 கிராம் பக்கம் நிற்கும். ஃப்ரான்டினாக் 15 கிராம் வரைகூடப் போகும். வாயில் போட்டால் தித்திப்பாகத்தான் இருக்கும். சர்க்கரை புளிப்பை மறைத்துவிடுகிறது. நொதித்துச் சர்க்கரை தீர்ந்ததும் பல் கூசும்.

குறைக்க வழிகள் உண்டு. பொட்டாசியம் பைகார்பனேட்டை லிட்டருக்குச் சுமார் 1 கிராம் கலந்து குளிரவைத்தால் அமிலமும் ஏறக்குறைய 1 கிராம் இறங்கும். ஆனால் அது பிடிப்பது டார்டாரிக் அமிலத்தை. இந்த ரகங்களில் மாலிக் அமிலம் நிறைய. மாலிக்கைத் தின்ன பாக்டீரியா இருக்கிறது. பி.எச். 3.1-க்குக் கீழே போனால் அதுவும் சோம்பிவிடும். ஆகவே ஒரே வழியை நம்பாமல், மாலிக்கில் ஒரு பங்கைத் தின்னும் 71பி ஈஸ்ட்டில் ஆரம்பித்து, கொஞ்சம் பைகார்பனேட் போட்டு பி.எச்.சை ஏற்றி, பிறகு பாக்டீரியாவை விடுவது நடைமுறையில் சரிவரும். கடைசியில் இனிப்புச் சேர்த்துப் புளிப்பைச் சமன் செய்வதும் பழைய உத்திதான். அதில் ஒரு கண்ணி: மறுபடி நொதிக்காமலிருக்கப் பொட்டாசியம் சார்பேட் போடுவோம், உள்ளே அந்தப் பாக்டீரியா உயிரோடு இருந்தால் சார்பேட்டைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற நாற்றத்தைக் கொண்டுவரும். ஒருமுறை வந்தால் போகாது. பாக்டீரியா வழியா, சார்பேட் வழியா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ரீஸ்லிங்குக்குப் பிரச்சினை தலைகீழ். சூடில்லாத வருடத்தில் 16 பிரிக்ஸோடு பறிக்க நேர்ந்தால் ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தாண்டாது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீதம் ஏற்றும் என்று கணக்கு. 20 லிட்டர் சாற்றை 11 சதவீதத்துக்குக் கொண்டுபோக 680 கிராம் போதும். சர்க்கரையைச் சேர்ப்பது சுலபம். பழுக்காத காயில் இல்லாத வாசனையைச் சேர்க்கத்தான் வழியில்லை. அந்த வகையில் அதிகப் புளிப்புள்ள பழுத்த பழமே எனக்கு மேல்.

சிவப்பு ஒயின்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மினசோட்டா சிவப்பு ரகங்களில் நிறம் கொட்டிக் கிடக்கும், துவர்ப்பு இருக்காது. வெளியிலிருந்து டானின் சேர்த்தாலும் பழத்தின் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஃப்ரான்டினாக்கைத் தோலோடு ஊறவைக்காமல் உடனே பிழிந்து இளஞ்சிவப்பு ஒயினாக்குவது புத்திசாலித்தனம். கெட்டியான சிவப்பு வேண்டுமென்றால் மார்க்கெத்தை ஓக் சில்லுகளோடு முயலலாம். செர்ரியும் மிளகும் கலந்த வாசனை கிடைக்கும். குளிர்காலம் அனுமதிக்கும் இடத்தில் ரீஜண்ட் இதைவிட நல்ல உடல்கட்டு தரும்.

என் தீர்ப்பு இதுதான். வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு மைனஸ் 25-ஐத் தாண்டும் ஊரில் மினசோட்டா ரகம் தவிர எதையும் நடாதீர்கள். முதல் தடவை என்றால் வெள்ளையில் ஐடாஸ்கா. அதன் அமிலம் 9 கிராம் அளவிலேயே நிற்பதால் மேலே சொன்ன வித்தை பாதிக்கு மேல் தேவைப்படாது. மிதமான குளிர்காலம், குளிர்ந்த கோடை என்றால் சோலாரிஸ், கண்ணை மூடிக்கொண்டு. ரீஸ்லிங்கை, இலையுதிர்காலம் நீளமாகவும் வறட்சியாகவும் இருக்கும் சரிவு நிலத்துக்காரர்கள் மட்டும் தொடலாம்.

எத்தனை கொடி? ஒரு பாட்டிலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ பழம் போகும். நன்கு வளர்ந்த கொடி 3 முதல் 5 கிலோ கொடுக்கும். 20 லிட்டர் குடுவையை நிரப்ப எட்டு, பத்துக் கொடி வேண்டும், மூன்றாம் வருடத்துக்கு முன்னால் எதிர்பார்க்கவும் கூடாது. அந்தப் பத்தையும் ஒரே ரகமாக நடுங்கள். ஐந்து ரகத்தில் இரண்டிரண்டு நட்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வாரத்தில் பழுக்கும், எதிலும் ஒரு குடுவை நிறையாது. பந்தல் அமைப்பும் ரகத்தைப் பொறுத்ததே. நிமிர்ந்து வளரும் ரீஸ்லிங்குக்குத் தாழ்வான கம்பியில் தொடங்கி மேலே ஏற்ற வேண்டும். தளர்ந்து தொங்கும் ஃப்ரான்டினாக்குக்கு ஆளுயரக் கம்பி ஒன்றே போதும். கவாத்துக்கும் குனிய வேண்டியதில்லை.