கம்ப்ரெஷன் சாக்ஸ்: சாக்ஸ் மேல தப்பில்ல, வாங்குன நான் தான் தப்பு

3 ஸ்டார். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற டைப், இறுக்கம் 20-30 எம்எம்எச்ஜி (பிரஷர் அளக்குற அதே அளவு). நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு, பாக்ஸ்ல வேற "எல்லா கால் வலிக்கும்"னு பெருசா போட்டிருந்துச்சா, யோசிக்காம ஆர்டர் பண்ணிட்டேன்.

துணி, தையல்ல குறை இல்ல. கணுக்கால்ல இறுக்கமா இருந்து மேல போகப்போக லூசாகுது, அப்படித்தான் இருக்கணும். மாட்டுறது தான் பெரும்பாடு, காலைல எந்திரிச்ச உடனே கால் வீங்குறதுக்குள்ள போட்டுடுங்க.

ஆனா அப்பாவுக்கு வலி கொஞ்சம்கூட குறையல, பாதம் ஜில்லுன்னு ஆகுதுன்னு ரெண்டாவது நாளே கழட்டி வீசிட்டாரு. டாக்டர்கிட்ட போனா அவர் கேட்ட முதல் கேள்வியே "வலி வந்தா நின்னாலே போகுதா, உக்காந்தா தான் போகுதா?"ன்னு தான். கொஞ்ச தூரம் நடந்ததும் வலிச்சு, சும்மா நின்னாலே சில நிமிஷத்துல விட்டு, திரும்ப நடந்தா கிட்டத்தட்ட அதே தூரத்துல வருதுன்னா கால் ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாமாம். நின்னா போகாம, உக்காந்தா இல்ல முன்னாடி குனிஞ்சா தான் விடுதுன்னா முதுகுத்தண்டுல நரம்பு நசுங்குதான்னு பாக்கணுமாம். அப்பா முதல் ரகம். கைலயும் கணுக்கால்லயும் பிரஷர் எடுத்து வகுத்துப் பாத்தாங்க, ஏபிஐ டெஸ்ட்னு பேரு, 0.9க்கு கீழ போனாலே அடைப்புன்னு அர்த்தம், இவருக்கு 0.6. ரத்தம் கீழ இறங்கவே கஷ்டப்படுற கால்ல நான் இறுக்கமா சாக்ஸ மாட்டி விட்டிருக்கேன்! இப்போ மாத்திரை, சிகரெட்டுக்குத் தடை, வலிக்கிற வரைக்கும் நடந்து நின்னு மறுபடி நடக்குற பயிற்சி. சிகரெட் தான் இன்னும் பேச்சுவார்த்தைல இருக்கு.

அம்மாவுக்கு வெரிகோஸ் வெயின், சாயங்காலம் ஆனா கால் கல்லு மாதிரி கனக்கும். அதே டாக்டர்கிட்ட கேட்டுட்டு அவங்க அளவுல ஒரு ஜோடி வாங்குனோம், கனமும் வீக்கமும் நல்லாவே குறைஞ்சிருக்கு. அதுக்கு தான் 3 ஸ்டாரும். கணுக்கால், கெண்டைக்கால் ரெண்டையும் டேப் வச்சு அளந்து வாங்குங்க, செருப்பு சைஸ் பாத்து வாங்காதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா சாக்ஸ் தேடிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, ரத்தக்கட்டியா இருக்கலாம்.

ரத்த ஓட்டம் குறைவா இருக்கிறவங்க போடக்கூடாதுன்னு உள்ள மடிச்சு வச்ச சீட்டுல எறும்பு சைஸ்ல இருக்கு, மீதி 2 ஸ்டார் அங்க போச்சு.