ஆடி முதல் நாள் தேங்காய்த் தொகுப்பு: வாங்கிச் சுட்ட அனுபவம்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் ஆடி 1 அன்று தேங்காய் சுடுவோம். பாரதப் போர் அன்று தொடங்கி ஆடிப் பதினெட்டில் முடிந்தது என்றும், அதன் நினைவாகவே, கண் வழியே பூரணம் அடைத்துக் குச்சி செருகிய தேங்காயைச் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைக்கிறோம் என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, சேலம் அம்மாபேட்டையில் ஒரு பெண்மணி தம் வீட்டிலேயே வைத்து விற்கிறார். இந்த ஆண்டு அவரிடம் நான்கு தொகுப்புகள் வாங்கினேன். ஒன்றின் விலை 160 ரூபாய். நார் நீக்கி வழவழவென்று தேய்த்த தேங்காய், நுனி சீவிய அழிஞ்சில் மரக் குச்சி, ஒரு பொட்டலம் பூரணம், சிறிது மஞ்சள்தூள் ஆகியவை ஒவ்வொரு பையிலும் இருந்தன.

மகளுக்கு இது தலை ஆடி. அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை முடித்துக் கிளம்பி வீடு சேரும்போது முந்தைய நாள் இரவு பதினொரு மணி ஆகிவிடும் என்று முன்பே தெரியும். என் சிறு வயதில், சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு நாள்களுக்கு முன்பே வாசற்கல்லில் தேங்காயைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவோம். கை சிவந்தாலும் யாருடைய தேங்காய் அதிகம் மின்னுகிறது என்ற போட்டியில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். இப்போது அடுக்குமாடி வீட்டில் வாசற்கல்லும் இல்லை, தேய்க்கப் பிள்ளைகளும் இல்லை, எனக்கோ முழங்கால் வலி. ஆகவே தொகுப்பை வாங்கியதில் எனக்குக் குற்ற உணர்வு சிறிதும் இல்லை.

தேங்காயும் குச்சியும் மிக நன்றாக இருந்தன. முற்றிய, நடுத்தர அளவுக் காய்களாகப் பார்த்து எடுத்திருந்தார். கண்ணை முன்கூட்டியே துளைத்துத் தராதது நல்ல முடிவு. துளைத்து வைத்தால் உள்ளிருக்கும் நீர் புளித்துப் போகும். அழிஞ்சில் குச்சி பச்சையாக, கண் துளையில் இறுகப் பொருந்தும் பருமனில் இருந்ததால் பூரணம் வெளியே வழியவில்லை, குச்சியும் கருகி முறியவில்லை. நான்கில் ஒரு காயை மட்டும் அளவுக்கு மீறித் தேய்த்திருந்தார்கள். அது வேகும் முன்பே ஓடு வெடித்து, வெல்லப்பாகு நெருப்பில் சொட்டியது.

குறை பூரணத்தில்தான். பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லம், ஏலக்காய் எல்லாம் சரியாகவே சேர்த்திருந்தார். ஆனால் மாவாகப் பொடித்துவிட்டார். தேங்காய் நீரில் பாதியை ஊற்றிவிட்டு மீதியை உள்ளேயே விடுகிறோம். அந்த நீர் பருப்புக்கும் அவலுக்கும் இடையே இறங்கினால்தான் பூரணம் வேகும், தேங்காய்ப் பருப்பின் வாசமும் அதில் ஏறும். மாவு அடைத்துக்கொண்டதால் ஓரத்தில் பாகு கருகியது, நடுவில் உலர்ந்த பொடி அப்படியே கிடந்தது. வெல்லமும் ஒரு பங்கு கூடுதல். எங்கள் வீட்டில் பருப்பை வறுத்து ஒன்றிரண்டாக உடைப்போமே தவிர அரைக்க மாட்டோம்.

ருசியைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. காலையில் குளித்துவிட்டு வந்த மகள் பொட்டலத்தைப் பார்த்ததும், "ஏம்மா, பூரணம் கலக்குற வேலைகூட இல்லையா?" என்று கேட்டாள். வெல்லம் எவ்வளவு, எள் எவ்வளவு என்று என் அம்மா எனக்குக் கைப்பிடி அளவாகக் காட்டிக் கொடுத்ததை நான் அவளுக்குக் காட்டியிருக்க வேண்டிய நாள் அது. நார் உரிப்பதையும் ஓடு தேய்ப்பதையும் காசு கொடுத்து வாங்கலாம், பூரணத்தை வாங்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வெளியே, இரும்புச் சட்டியில் தென்னை மட்டையை எரித்துச் சுட்டோம். மாப்பிள்ளை விருந்தாளியாக உட்காரவில்லை. மஞ்சள் பூசிய காயைக் குச்சியோடு பிடித்துக்கொண்டு, ஓடு வெடிக்கும் சத்தம் கேட்கும்வரை தாமே திருப்பித் திருப்பிக் காட்டினார். என் தகப்பனார் காலத்தில் எந்த மாப்பிள்ளையும் மாமனார் வீட்டு நெருப்பின் முன் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக் குடும்பம் முதன்முறையாக இதைப் பார்த்து, அடுத்த ஆண்டு தங்களுக்கும் ஒரு காய் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

விற்ற பெண்மணியிடம் பூரணத்தைப் பற்றிச் சொன்னேன். வாங்குகிறவர்களில் பலர் மிக்ஸியில் பொடித்ததைத்தான் கேட்கிறார்கள் என்றார். "உங்களுக்கு வேணாம்னா காயும் குச்சியும் மட்டும் தர்றேனுங்க, 120 ரூபா குடுங்க போதும்" என்றும் சொன்னார். அவரிடம் வாங்க நினைப்பவர்கள் இப்படித் தனியாகவே கேளுங்கள். ஆனி கடைசி வாரத்துக்குள் சொல்லிவைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை, நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு ஐந்து காய்களுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.