கிளிநொச்சி முன்னூற்றி நாலு போட்டி: நடுவருக்காகத் திரும்பவும் போவன்

போன ஞாயிறு பரந்தன் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில நடந்த முன்னூற்றி நாலு எண்ட சீட்டாட்டப் போட்டிக்கு நானும் மச்சானும் சோடியாப் போனம். மேசை, கதிரை, பிளேன்ரீ எல்லாம் சரி. சீட்டும் புதுசு.

மூன்றாவது ஆட்டத்தில பிரச்சினை வந்தது. நான் இறக்கின ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டை எதிராளி ஐயா துரும்பால, அதாவது மற்ற இனங்களை வெல்லுற சீட்டால, வெட்டினார். இரண்டு பிடி (சுற்று) கழிய அவற்ற கையில இருந்தே ஆட்டின் ராசா விழுந்தது; ஆட்டினைக் கையில வைச்சுக்கொண்டு வெட்டினது பிழை. மச்சான் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிட்டான். ஓடி வந்த நடுவர், "தம்பி, ஒருத்தரும் சீட்டைத் தொடாதேங்கோ" எண்டு முதல் மேசையை அடக்கினார். நாலு பேரையும் ஒவ்வொருத்தராக் கேட்டார். பிறகு பிடிச்ச பிடிகளை ஒழுங்கு குலையாமல் தானே பிரட்டிப் பார்த்து, ஆட்டம் எங்களுக்கெண்டு சொன்னார். ஐயாவும், "கவனிக்கேல்லை, என்ர பிழைதான்" எண்டு கை தந்தார். அந்தக் கைகுடுப்பை நான் மறக்கமாட்டன்.

குறை, பின்னால நிண்டு பார்த்த ஆக்கள். 30 புள்ளி பெறுமதியான யாக் சீட்டு ஆரிட்ட இருக்கெண்டு ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னார். 304 புள்ளி விளையாட்டில அந்த ஒரு சீட்டு ஆட்டத்தையே மாத்தும். அவரை வெளியில அனுப்பியிருக்கவேணும். துரும்பு பிழையா வெட்டினா என்ன தண்டனை எண்டதையும் தொடங்கமுதல் வாசிச்சுக் காட்டியிருந்தா, மச்சான் எழும்பியே இருக்கமாட்டான்.