"லேடீஸ் ஃபிட்டிங்" என்று சொல்லி ஹேண்டில்பாரை மாற்றச் சொன்னால் உஷார்

ரோடு பைக் ஓட்டும் பெண்கள், கை சின்னதாக உள்ள ஆண்கள், பிள்ளைக்கு டிராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) சைக்கிள் வாங்கித் தர நினைக்கும் அம்மா அப்பாக்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு பெரிய சைக்கிள் கடையில் என்னிடம் 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, விழுந்து முகம் பெயர்ந்திருக்க வேண்டிய நிலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என் வண்டியில் இருப்பது சிமானோ 105 ஆர்7000 லீவர் (பிரேக்கும் கியரும் சேர்ந்தது), ரிம் பிரேக். நல்ல லீவர், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் கை வைத்தால் என் விரல் நுனி மட்டும்தான் லீவரைத் தொடும், இழுக்க முடியாது. மேலே ஹூட்டில் (லீவரின் மேல் பகுதியில் உள்ள ரப்பர் பிடியில்) கை வைத்தே பிரேக் பிடிக்கலாமே என்று பலர் சொல்வார்கள். சமதளத்தில் சரி. ஹூட்டிலிருந்து இழுக்கும்போது விரல் லீவரின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அதே பிரேக்குக்கு அதிக பலம் கொடுக்க வேண்டும், ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் முன்கை மரத்துப் போய்விடும். கீழ் வளைவிலிருந்து பிடித்தால் லீவரின் அடி நுனி கையில் கிடைக்கும், கொஞ்சம் இழுத்தாலே போதும். சின்னக் கைக்கு அங்கேதான் எட்டுவதில்லை.

இதைத்தான் கடையில் விளக்கமாகச் சொன்னேன். கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு இந்த லீவர் செட் ஆகாதும்மா, பார் மாத்தினாதான் வழி" என்றார். 38 செ.மீ. அகலத்தில் லேடீஸ் பார் ஒன்று இருக்கிறது, ஃபிட்டிங்கோடு சேர்த்துச் செய்து தருகிறேன் என்றார். வண்டியை எடுக்கப் போனபோது ஸ்டாண்டில் வைத்தே உட்காரச் சொன்னார்கள், ஹூட்டில் கை வைத்தேன், முன்பைவிடப் பக்கத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. கீழே கை வைத்து, இன்னும் எட்டவில்லையே அண்ணா என்றதற்கு, "போகப் போகப் பழகிடும்மா" என்றார்.

கொஞ்ச நாளில், ஈசிஆரில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறிய வேகத்தில், ஹேண்டில்பார் அப்படியே முன்பக்கமாகச் சுழன்று கீழே இறங்கிவிட்டது. பின்னால் பஸ் எதுவும் வராததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஹேண்டில்பாரை வண்டியோடு பிடித்து வைக்கும் ஸ்டெம்மைக் கழற்றியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என் ஸ்டெம் 31.8 மி.மீ. பாருக்கானது. கடைக்காரர்கள் மாட்டியிருந்தது 26 மி.மீ. தடிமனுள்ள பழைய காலத்து பார். இந்த இடைவெளியை அடைக்க அளவெடுத்துச் செய்த வளையங்கள் விற்கின்றன, அதைப் போட்டிருந்தால்கூட ஒத்துக்கொள்வேன். இவர்கள் ஏதோ அலுமினியக் குழாயை ரம்பத்தால் அறுத்து, பிசிறுகூட தேய்க்காமல், லூஸாக இருந்த இடத்தில் தகரத்தைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். உயிரோடு விளையாடுவது என்றால் இதுதான்.

அதோடு முடியவில்லை. என் பழைய பார் ஸ்டெம்மிலிருந்து முன்னோக்கி நீளும் தூரம் 75 மி.மீ. இந்த "லேடீஸ் பார்" 95 மி.மீ. அதாவது லீவர்கள் என்னைவிட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கின்றன. அதை மறைக்கத்தான் பாரையே மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள், அதனால்தான் கடையில் ஹூட் பக்கத்தில் வந்தது போலத் தெரிந்தது. பாரை எப்படித் திருப்பினாலும் பாருக்கும் லீவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. 38 செ.மீ. என்பதும் தோள் அகலத்துக்கான கணக்கு, விரல் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், ஆர்7000 லீவரிலேயே எட்டும் தூரத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அந்த அண்ணன் ஒரு அலென் கீயை வைத்துத் திருப்பினார், லீவர் பாரை நோக்கி உள்ளே வந்தது. அப்புறம் பிரேக் கேபிளை இறுக்கினார். இதை விடவே கூடாது, லீவர் உள்ளே வந்துவிட்டதால் இழுக்கும் தூரம் குறையும், கேபிளைச் சரிசெய்யாவிட்டால் பிரேக் பிடிப்பதற்கு முன்பே லீவர் பாரில் போய் முட்டும். கீழ் வளைவில் கை வைத்தேன், நடுவிரலின் முதல் மூட்டு வரை லீவரில் பதிந்தது. பார் மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்ன அந்தக் கடைக்காரருக்கு இந்த ஸ்க்ரூ இருப்பது தெரியாதா? 105 லீவர் விற்கிற கடை அது.

உங்கள் லீவரில் ஸ்க்ரூ இல்லை என்றாலும் உடனே பார் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய லீவர்கள் சிலவற்றில் உள்ளே சின்ன பிளாஸ்டிக் துண்டு செருகினாலே லீவர் பக்கத்தில் வந்துவிடும். கியர் சேராத தனி பிரேக் லீவர் என்றால் டெக்ட்ரோ ஆர்எல்341 சின்னக் கைக்கென்றே வருகிறது, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள 105 லீவர் என்றால் சிமானோவே ஆர்7025 என்று தனியாகச் செய்தது. பார்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் முன்னோக்கிய நீளம் 70 முதல் 80 மி.மீ.க்குள் உள்ள காம்பாக்ட் பார் கேளுங்கள், ஸ்டெம் அளவோடு பொருந்துகிறதா என்று பிடிக்கான டேப்பைப் பாரில் சுற்றுவதற்கு முன்பே கண்ணால் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டேப் சுற்றிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். என் பழைய பார் எங்கே என்றால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம், என்னைக் கேட்காமலே. பில்லில் பாரின் பெயரோ அளவோ கிடையாது, "லேடீஸ் ஃபிட்டிங்" என்று ஒரே வரி. அதனால் என்ன மாட்டினார்கள் என்று நிரூபிக்க அந்தக் குழாய்த் துண்டும், கழற்றும்போது எடுத்த போட்டோக்களும்தான் என்னிடம் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடை இதுவரை பதில் தரவில்லை. அங்கே இதே போல பார் மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டெம்மின் முன்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.