கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவழிப் பயணம்: வாடகைக் காரா, ரயிலா, பஸ்ஸா, வேனா?

பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக் கார் எடுத்து, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக முடியுமா? நடைமுறையில் முடியாது. மலேசியப் பதிவு எண் உள்ள காரைச் சிங்கப்பூரில் அடுத்தவருக்கு வாடகைக்கு விட வழியில்லை. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ அந்தக் காரை அங்கே ஓட்டவும் கூடாது. ஆகவே யாராவது ஒருவர் அதை வெறுமனே ஓட்டித் திரும்ப வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். இதே காரணத்தால், சிங்கப்பூர் எல்லைச் சாவடியான ஊட்லண்ட்ஸ் தாண்டியதும் அங்குள்ள மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பதும் சட்டப்படி தப்பு.

ஒருவழியாகப் போக உள்ள வழிகள் நான்கு. அவற்றை விலை வைத்து ஒப்பிடுவது வழக்கம். ஆனால் வயதானவர், கைக்குழந்தை, நாலு பெட்டி என்று போகும் குடும்பத்துக்கு, எல்லையில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்பதே முதல் கேள்வி.

முதல் வழி, எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள ஜொகூர் பாரு (ஜேபி) வரை மட்டும் ஒருவழி வாடகைக் கார். சுமார் 330 கிலோமீட்டர், சாலை நன்றாக இருந்தால் நாலு மணி நேரம். காரை ஜேபியில் விட்டுவிட்டு எல்லையை வேறு வாகனத்தில் கடக்கலாம். பெரிய நிறுவனங்களுக்குக் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலும் ஜேபியின் சேனாய் விமான நிலையத்திலும் கவுண்டர் உண்டு. ஆனால் சேனாயில் விட்டால் நகருக்குள் வர இன்னொரு கார் பிடிக்க வேண்டும். ஜேபி சென்ட்ரல் பக்கம் விட ஒப்புக்கொள்ளும் நிறுவனமாகப் பார்ப்பது நல்லது. அந்த ரயில் நிலையத்திலிருந்து குடிநுழைவுக் கட்டடத்துக்கு மேம்பாலம் வழியாக நடந்தே போகலாம்.

ஒப்பந்தத்தில் மூன்றைக் கறாராக எழுதி வாங்குங்கள்: காரை எந்த இடத்தில், யாரிடம், எத்தனை மணிக்கு ஒப்படைப்பது, ஒருவழிக் கட்டணம் எவ்வளவு, வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும். “ஜேபியில் விடலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னது, மால் கார் நிறுத்தத்தின் மூன்றாம் மாடியில் ஆளில்லாமல் நிற்கும்போது உதவாது. எடுக்கும்போதும் விடும்போதும் காரைச் சுற்றி ஒரே மூச்சில் காணொளி எடுங்கள். நான்கு டயரும் விளிம்பும், முன் கண்ணாடியின் கல்லடி, எண்ணெய் முள், கிலோமீட்டர் எண் எல்லாம் அதில் விழ வேண்டும். சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டை உங்களுடையதாகவே இருக்கட்டும். வேகக் கேமரா சம்மன் வாரங்கள் கழித்தும் வரும், ஒப்பந்த நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் எல்லை. சிடபிள்யூ2, 170 எண் பஸ்கள் இரண்டும் சிங்கப்பூரின் குவீன் ஸ்ட்ரீட் வரை போகும், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கம். சிடபிள்யூ1 பஸ் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு. பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டி, ஊட்லண்ட்ஸில் எல்லாப் பெட்டியோடும் இறங்கி, குடிநுழைவு முடித்து, அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்தால் மறுபடி காசு. கைப்பை மட்டும் உள்ள இருவருக்கு இது சுலபம். பாட்டியோடு இப்படிப் போகச் சொல்லமாட்டோம்.

இரண்டாவது, ரயில். 2025 டிசம்பரிலிருந்து இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஜேபி சென்ட்ரல் வரை நேராகவே ஓடுகிறது, நாலரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து தெப்ராவ் ஷட்டில் என்னும் குறுந்தூர ரயில் ஐந்தே நிமிடத்தில் பாலம் கடக்கும். ஜேபி பக்கம் டிக்கெட் 5 ரிங்கிட். மலேசியக் குடிநுழைவு ஜேபி சென்ட்ரலிலேயே முடியும், சிங்கப்பூருடையது ஊட்லண்ட்ஸில் இறங்கியதும். நெரிசலில் மாட்டாத ஒரே வழி இதுதான், வெள்ளிக்கிழமை மாலைக்கு எங்கள் முதல் சிபாரிசும் இதுவே. ஆனால் வாரக்கடைசி ஷட்டில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஷட்டிலில் இடம் உறுதியானபின் இடிஎஸ் வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

மூன்றாவது, நேரடி விரைவு பஸ். கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து ஐந்தாறு மணி நேரம், தனியாளுக்கு மலிவு. மலேசியப் பக்கம் கைப்பையோடு இறங்கினால் போதும், சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாப் பெட்டியும் ஸ்கேனருக்குப் போக வேண்டும். அவதி அங்கேதான். ஓட்டுநர் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருப்பார். யாரையாவது அதிகாரி தனி அறைக்கு அழைத்தால் பஸ் போய்விடும். இந்தியக் கடப்பிதழில் வரும் உறவினருக்கு விசா அச்சுப்படியைக் கையிலேயே கொடுத்து வையுங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையும் இறங்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஓட்டுநரோடு வரும் ஏழு இருக்கை வேன். ஆள் இறங்கவே வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் வண்டிக்குள் இருந்தபடியே கடப்பிதழ் காட்டலாம். சக்கர நாற்காலி உள்ளவருக்கு இதற்கு ஈடு கிடையாது. வீட்டு வாசல் முதல் வாசல் வரை, ஆறு பேர் பங்கிட்டால் விலையும் தாங்கும்.

ஆனால் இங்கேதான் ஏமாற்று வேலையும் அதிகம். வாட்ஸ்அப்பில் விலை சொல்லும் பலர் ஓட்டுவது சாதாரணச் சொந்தக் கார், நம் ஊரில் சாப்பு கார் என்போமே, அதுதான். உரிமமின்றி ஆளேற்றினால் சிங்கப்பூரில் 3,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வண்டியும் பறிமுதலாகலாம். தண்டனை ஓட்டுநருக்குத்தான், ஆனால் நடுவழியில் இறக்கிவிடப்படுவது நீங்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகும். முன்பணம் கட்டும் முன் சிங்கப்பூரில் பயணிகளை ஏற்றும் உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். “சோதனையில் கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்” என்று சொன்னால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். செலவு குறைய வேண்டுமென்றால், ஜேபியின் லார்க்கின் நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் பான் சான் ஸ்ட்ரீட் போகும் உரிமம் பெற்ற எல்லை டாக்சி உண்டு. நாலு பேர் சேர்ந்தால் கட்டும், அதிலும் வண்டிக்குள்ளேயே கடப்பிதழ் காட்டலாம்.

ஒருவழிப் பயணமல்ல என்றாலும், வாடகைக் காரையே சிங்கப்பூருக்குள் ஓட்டித் திரும்பிக் கொண்டுவருவது ஐந்தாவது வழி. அதற்குத் தேவையானவை: ஒப்பந்தத்தில் எழுத்து அனுமதி, வெளிநாட்டு வண்டி சிங்கப்பூரில் கட்டணம் கட்டும் ஆட்டோபாஸ் அட்டை, நுழையும்போது 6.40 சிங்கப்பூர் வெள்ளி சாலைக் கட்டணம், வண்டி நுழைவு அனுமதியின் இலவச நாட்கள் தீர்ந்தபின் வாரநாளில் நாளுக்கு 35 வெள்ளி அனுமதிக் கட்டணம். அனுமதியில்லாமல் கொண்டுபோனால் வாடகைக் காப்புறுதி கைவிட்டுவிடும். இரண்டு மூன்று நாளில் திரும்புபவர் மட்டும் யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் சிங்கப்பூர் மின்வருகை அட்டையைப் போகும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புங்கள், அது இலவசம். காசு கேட்கும் இணையப் பக்கம் குடிநுழைவுத் துறையுடையது அல்ல. வாடகைக் காரோ வேனோ, எல்லைக்கு முன் டேஷ்போர்டு பெட்டியையும் இருக்கைக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள். முன்னர் வந்தவர் மறந்துபோன வேப் (மின்சிகரெட்) கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் மெல்லும் புகையிலை இருந்தால் அதையும் ஜேபியிலேயே எடுத்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் அதற்கு அனுமதியில்லை.