இரும்புக்கை மாயாவியின் 'ஒரிஜினல்' பக்கம் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

கல்முனைப் பக்கம் இருந்து கதைப்பதாகச் சொல்லும் ஒருவர், முகநூலில் பழைய புத்தகம் சேர்க்கிறவர்களைத் தேடிப் பிடித்து, 'ஒரிஜினல் ஆர்ட்', அதாவது ஓவியர் கையால் வரைந்த மூலப் பக்கம், என்று காமிக்ஸ் பக்கங்கள் விற்கிறார். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் பக்கம் என்று 45,000 ரூபாய்க்கு எனக்கு விற்றது, வீட்டுப் பிரின்டரில் அடித்த தாள். பொலிஸில் முறைப்பாடு போட்டிருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் சாமான் எப்படி இருக்கும் என்று சொல்லலாம். மட்டக்களப்பு, அம்பாறையில் இப்படிச் சேர்க்கிற ஆட்கள் கொஞ்சப் பேர்தான், எல்லாருக்கும் வரிசையாக மெசேஜ் போட்டுக்கொண்டு வருகிறார்.

முதலில் அனுப்பிய படங்களில் இருந்தது ஆங்கில எழுத்துள்ள பக்கம். கண்ணாடிச் சட்டம் போட்டு, தள்ளி நின்று எடுத்த படங்கள். "மாமாட பெட்டிக்குள்ள கிடந்த சாமான் அண்ணன், எழுபத்தெட்டுச் சூறாவளியிலயும் தப்பினது" என்றார், 1978-இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைச் சொல்கிறார். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றினால் கடதாசி கிழிந்துவிடுமாம். காசை வங்கியில் போட்ட பிறகு பஸ் கொண்டக்டரிடம் பார்சல் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் சட்டமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மாயாவி தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்!

உடனே போன் எடுத்துக் கேட்டேன். "அது சிவகாசியில இங்கிலீஷக் கழட்டிப்போட்டு தமிழ் ஒட்டினது அண்ணன். அதுதான் இன்னும் அரிது. நான் உங்களுக்கெண்டபடியா விலை குறைச்சுத் தந்தது."

இந்தக் கதையைத்தான் அடுத்த ஆளுக்கும் சொல்லப்போகிறார், அதனால் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன். இரும்புக்கை மாயாவி 1962-இல் லண்டனில் வந்த 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. அவர் அட்டையில் மையால் வரைந்த பக்கம் லண்டன் பதிப்பகத்துக்குப் போகும், ஆங்கில எழுத்தைத் தாளில் அச்சடித்து வெட்டி பலூன்களில், அதாவது பேச்சு வரும் வட்டங்களில், ஒட்டுவார்கள், பிறகு அச்சுக்காகப் படம் எடுக்க கமெராவுக்குப் போகும். உரிமம் வாங்கும் வெளிநாட்டுக்காரருக்குக் கிடைப்பது அதிலிருந்து எடுத்த அச்சுப் பிரதி. 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்தபோதும், தமிழ் எழுத்து ஏறியது பிரதியின் மேல்தான். ஆகவே பலூனில் தமிழ் இருக்கிற பக்கம் பிளாஸ்கோவின் கையால் வந்த பக்கமாக இருக்க வழியே இல்லை. சிவகாசியில் எழுத்து ஒட்டிய உண்மையான பிரதி ஒன்று கிடைத்தால் நானும் ஆசையாக வாங்குவேன், அது வேறு விஷயம். இது அதுவும் இல்லை.

நகைக்கடைக்காரத் தம்பி ஒருவரிடம் அவர் கல் பார்க்கிற லென்ஸை இரவல் வாங்கிப் பார்த்தேன். கறுப்பென்று நினைத்த இடமெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். தூரிகையால் பூசிய கறுப்பில் புள்ளி வராது. பெரிய இடத்தை நிரப்பும்போது மை ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, இழுத்த தடம் தெரியும். திருத்திய இடத்தில் வெள்ளை மை சற்று மேடாக நிற்கும். ஒட்டிய பலூனின் விளிம்பு விரலில் தட்டுப்படும். இந்தத் தாளில் ஒட்டின விளிம்பின் நிழல் கண்ணுக்குத் தெரிகிறது, தடவினால் எல்லாம் வழவழ. நிழலையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் இரண்டாம் கட்டத்தின் வெற்று வானம். அதில் மங்கலாகச் சில தமிழ் எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி. பழைய காமிக்ஸ் புத்தகத்தின் மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியுமல்லவா, அதே எழுத்து! புத்தகத்தை ஸ்கேன் பண்ணி, பெரிதாக்கி அடித்திருக்கிறார். அதை அழித்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தாளில் இருந்த மண்ணிறத்தைச் சூறாவளிக் கறை என்றார், அது தேத்தண்ணி. 78-இல் நனைந்த புத்தகம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது: தாள் நெளிந்து, தண்ணீர் நின்ற இடத்தில் கோடு விழுந்து, பூஞ்சைப் புள்ளி பிடித்திருக்கும். இது முன்னும் பின்னும் ஒரே சீராக மண்ணிறம். ஈர விரலால் ஒரு கோட்டைத் தொட்டேன், கறுப்பு விரலோடு வந்தது. தாளை முதலில் தோய்த்துக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் அடித்திருக்கிறார். ஓவியர்கள் பாவிக்கும் இந்தியன் இங்க் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. நல்ல பக்கத்தில் ஈர விரல் வைக்க வேண்டாம், வெள்ளை மை கரைந்துவிடும்.

காசைத் திருப்பிக் கேட்டதும் வட்சப்பில் தடை. வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கும் போகலாம் என்றார்கள். முகவரி தெரியாத ஆளை எந்தச் சபைக்குக் கூப்பிடுவது?

இப்போது வேறு முகநூல் கணக்கில், பேன்டம் (ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்த முகமூடி வீரர்) தினசரிப் பத்திரிகைத் தொடரின் மூலப் பக்கம் என்று ஏ4 அளவில் ஒன்றைப் போட்டிருக்கிறார். தினசரித் தொடரை நீளப் பட்டையாக வரைவார்கள், அச்சில் வருவதைவிடப் பெரிதாக. ஏ4 வீட்டுப் பிரின்டரின் அளவு. அதிலும் அதே மண்ணிறம்.

உங்களுக்கு மெசேஜ் வந்தால் சட்டத்தைக் கழற்றி, பின்பக்கம் ஒன்று, ஒரு பக்கமாக டோர்ச் அடித்து ஒன்று, கறுப்பு நிரப்பிய இடத்தை நெருக்கமாக ஒன்று படம் கேளுங்கள். பணம் நேரில் பார்த்த பிறகு. என்னிடம் உள்ள தாள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இதே ஆளிடம் வாங்கியவர்களும் எழுதுங்கள், முறைப்பாட்டோடு உங்கள் வங்கிச் சிட்டையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.