பழங்காநத்தத்து எலக்ட்ரீஷியனும் அணையாத ஆயில் விளக்கும்

மேலூரிலிருந்து திரும்பும் வழியில் என் காரின் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். ஆயில் மேல்கோடு வரை இருந்தது. முதலில் காட்டிய பணிமனையில் ஆயில் பம்பையே மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், மதுரை பழங்காநத்தத்தில் உள்ள சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தேன்.

என் காரில் அந்த விளக்கு ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தையே காட்டுகிறது என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். எஞ்சின் ஓடாதபோது எஞ்சினில் உள்ள பிரஷர் சுவிட்ச், விளக்கின் ஒயரை எர்த்துடன் (அதாவது வண்டியின் உலோக பாடியுடன்) இணைப்பதால் விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் இணைப்பு விலகி அணையும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சிலிருந்து அந்த ஒற்றை ஒயரைக் கழற்றினார். அப்போதும் விளக்கு எரிந்தது. ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது என்றவர், அதன் வழியே தடவிச் சென்று, பேட்டரித் தட்டுக்கு அடியில் உறை தேய்ந்து செம்பு பளபளத்த இடத்தைக் காட்டினார்.

அதைச் சரிசெய்த பிறகும், சுவிட்ச் இருந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, உண்மையான அழுத்தத்தை அளந்த பின்னரே வண்டியைத் தந்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கவனம்தான். கூலி 600 ரூபாய். உட்கார நிழல் இல்லை, காலையிலேயே சென்றுவிடுங்கள்.